கொக்கியை நம்பி ஏறலாமா? மரக்காரர் பதில்கள்

மாங்காய் முற்றத் தொடங்கினால் நம் ஆட்களுக்கு மரம் ஏறும் ஆசையும் முற்றிவிடும் போலிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நம் ஊர்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கயிறு, கொக்கி, முடிச்சு பற்றித்தான். உரமும் பூச்சி மருந்தும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, இணையத்தில் நாலு நகம் வைத்த மடக்குக் கொக்கி ஒன்று வாங்கினேன். கூடவே 10 மீட்டர் கயிறும் வந்தது. பெரிய எடை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மாமரத்தில் வீசி மாட்டி, கயிற்றைப் பிடித்து ஏறலாமா? நானும் தம்பியும் தொங்கி இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை.
— ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: ஏறாதீர்கள் தம்பி. கொக்கியைக் குப்பையில் போடவும் வேண்டாம். அதற்கென்று வேலை இருக்கிறது, கீழே பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்கள் உடம்பு எடையை அதில் போடக்கூடாது.

கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கப் பாதாளக் கரண்டி போடுவார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உங்கள் கையில் இருப்பதும் அதே சாதிப் பொருள்தான். குடம் நழுவினால் மறுபடி போட்டு எடுக்கலாம், குடி முழுகிப் போகாது.

பெட்டியில் போட்ட எடை, அந்த இரும்பு வளையாமல் எவ்வளவு தாங்கும் என்கிற கணக்கு. மேலே அது எதைப் பிடித்திருக்கிறது என்று பெட்டி அச்சடித்தவருக்குத் தெரியாது, கீழே நிற்கிற உங்களுக்கும் தெரியாது. நகம் நல்ல கொப்பை வளைத்துப் பிடித்திருக்கலாம். எப்போதோ ஒடிந்து காய்ந்துபோன கட்டையின் நுனியில் தொற்றியிருக்கலாம். வெறும் பட்டையில் அரை அங்குலம் பதிந்தும் நிற்கலாம். கீழேயிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை என்கிறீர்கள். மரத்தை விட்டுத் தள்ளி நின்று சாய்வாக இழுத்திருப்பீர்கள். ஏறும்போது கொக்கிக்கு நேர் கீழே வந்துவிடுவீர்கள். இழுப்பின் திசை மாறும், நகமும் அதற்கேற்பப் புரளும். இதைவிட மோசமான நேரம் மேலே போய்ச் சேருகிற நேரம். ஒரு காலைக் கிளையில் வைத்து எழுந்ததும் கயிறு ஒரு நொடி தளரும். கொக்கிக்கு எப்போதும் வாய் திறந்தேதான் இருக்கிறது, மூடி கிடையாது. தளர்ந்த அந்த நொடியில் உருண்டு கழன்றுவிடும். அப்புறம் நீங்கள் பின்னால் சாய்ந்து எடையைப் போடும்போது கயிற்றின் அந்த முனையில் மரம் இருக்காது.

இன்னொன்று. விறைத்து நிற்கிற கயிற்றில் கொக்கி பிடி விட்டால் நேராகக் கீழே விழாது, இழுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் வரும். தொங்கிப் பார்த்த நேரத்தில் இரண்டு பேரும் தலைக்கவசம் போட்டிருந்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

வெறும் கையால் கயிற்றைப் பிடித்து ஏறுவதும் சரியில்லை. கை சோர்ந்தால் இளைப்பாற இடமில்லாத ஏற்றம் அது. இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற வார்ப்பூட்டான ஹார்னஸ் போட்டு, கயிற்றில் உட்கார்ந்தபடி ஏற வேண்டும். அந்தக் கயிறும் கிளைக்கு மேலே போய் மறுபக்கம் முழுதாகக் கீழே வந்திருக்க வேண்டும். அப்படிப் போட்ட கயிறு விழ வேண்டுமானால் கிளையே ஒடிய வேண்டும். அதனால் கிளையைச் சோதிப்பதுதான் நம் வேலை.

கேள்வி: கொக்கி இல்லாமல் 10, 12 மீட்டர் உயரத்துக் கிளையில் கனமான கயிற்றை எப்படிப் போடுவது? கல்லைக் கட்டி எறிந்தேன். பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்ததுதான் மிச்சம்.
— ஒரு வாசகர், வெருளம்

பதில்: பக்கத்து வீட்டுக்காரரிடம் சமாதானம் ஆகிவிட்டதா? உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைக் கையால் பொறுக்க வேண்டாம், தண்ணீர் தெளிக்காமல் கூட்டவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சரி, மரத்துக்கு வருவோம்.

கனமான கயிற்றை யாரும் நேரடியாக எறிவதில்லை. முதலில் ஒரு மெல்லிய எறிகயிறு, சுமார் 2 மி.மீ. தடிமன், வழுவழுப்பானது. அதன் நுனியில் எறிபை. உள்ளே ஈயக் குண்டுகள் அடைத்து, தலையில் ஒரு வளையம் வைத்த, விரல் தடிமன் மூன்று சேர்ந்தாற்போல் ஒடுங்கிய சின்னப் பை அது. 225 கிராமிலிருந்து 450 கிராம் வரை கிடைக்கும். முதலில் வாங்குகிறவர்களுக்கு 340 கிராம் பை என் சிபாரிசு. இதைவிட இலகுவானால் சொரசொரப்பான மாம்பட்டையில் கயிறு உராய்ந்து, பை கீழே இறங்காமல் அந்தரத்தில் நின்றுவிடும். கல்லும் நட்டும் வேண்டவே வேண்டாம். முடிச்சிலிருந்து கழலும், கவையில் சிக்கும், கூரையை உடைக்கும்.

எறிகயிற்றைக் கையில் சுற்றி வைக்காதீர்கள். ஒரு பெரிய வாளியிலோ துணித் தொட்டியிலோ நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வாருங்கள். அடுக்க வேண்டாம், தானாக விழுந்தபடி கிடக்கட்டும். எறியும்போது சிக்கில்லாமல் ஓடும்.

எறிவதற்கு இரண்டு வழி. ஒரு கையால் எறிவது: பையை முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஆட்டி, மேலே போகிற வீச்சில் விடுவது. இரண்டு கையால் எறிவது: கயிற்றை வளையத்துக்குள் மடித்து நுழைத்துப் பை நடுவில் தொங்கும்படி இரண்டு கையிலும் பிடித்து, காலை அகட்டி நின்று, கால்களுக்கு நடுவே பின்னால் ஆட்டி மேலே விடுவது. இரண்டாவது வழியில் உயரமும் நேரும் அதிகம் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்காது, அதைப் பார்த்துச் சிரிக்கிறவரிடம் எறிபையைக் கொடுத்துவிடுங்கள். எந்த வழியானாலும் கண் கிளையில் இருக்கக்கூடாது. கிளைக்கு ஒரு முழம் மேலே இருக்கிற வெற்றிடத்தைப் பார்த்து எறியுங்கள்.

முதல் எறியிலேயே சரியான கவையில் விழாது. நாலு கிளைக்கு மேலே போய் விழுந்திருக்கும். பையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, வேண்டாத கிளையின் உச்சிக்குக் கொண்டுவந்து, ஒரு சுண்டு சுண்டித் தாண்டவிட்டு இறக்குங்கள். இந்தப் பொறுமைதான் வேலையில் பாதி. பை சிக்கிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெல்லிய கயிறு நீண்டு, பை குண்டு மாதிரி திரும்பி வரும். தளர்த்தி, பக்கவாட்டில் நடந்து போய் வேறு கோணத்திலிருந்து இழுத்துப் பாருங்கள். நல்ல கிளையில் கயிறு விழுந்து பை தரைக்கு வந்துவிட்டதென்றால் பையைக் கழற்றிவிட்டு, அந்த நுனியில் ஏறுகயிற்றைக் கட்டி மறுபக்கமிருந்து இழுங்கள். முடிச்சு கவையில் முட்டாமலிருக்க, ஏறுகயிற்றின் நுனியில் மூன்று நாலு சுருக்கு வரிசையாகப் போட்டு, மேலே டேப் சுற்றி மெலிவாக்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கிளை? உயிருள்ள மரமாக, தண்டை ஒட்டிய இடத்தில், குறைந்தது 10 செ.மீ. விட்டம். வெண்ணெய்ப்பழ மரம், இங்கே சிரிங்கா என்கிற மலைவேம்பு ஆகியவை முறிகிற சாதி, அவற்றில் இந்த அளவை நம்பாதீர்கள். முருங்கையில் ஏறுகிற வேலையை வேதாளத்துக்கே விட்டுவிடுங்கள். கயிறு போட்டதும் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, இரண்டு பேர் முதலில் மெதுவாகவும் அப்புறம் கொஞ்சம் குலுக்கியும் தொங்கிப் பாருங்கள். ஒருவர் தள்ளி நின்று பைனாகுலரில் கவையைப் பார்க்கட்டும். கவையின் நடுவில் கருப்பாக ஒரு கோடு தெரிந்தாலோ, கயிறு போன இடத்தில் காளான் இருந்தாலோ வேறு கிளை பாருங்கள்.

கேள்வி: ஐயா, ஹார்டுவேர் கடையில் விற்கிற நீலக் கயிறு பக்கியில் (பின்னால் திறந்த சரக்கு வண்டி) சாமான் கட்ட எனக்கு இத்தனை வருடமாக உழைக்கிறது. மரம் ஏற அதுவே போதாதா? அந்த ஏறுகயிற்றுக்கு யானை விலை சொல்கிறார்கள்.
— ஃபீனிக்ஸிலிருந்து ஒரு பெரியவர்

பதில்: ஐயா, சாமான் விழுந்தால் திரும்பி ஏற்றிக்கொள்ளலாம். அந்த நீலக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். டர்பன் வெயிலில் கிடந்தால் சீக்கிரம் இற்றுப்போகும், தடவினால் கையில் தூள் ஒட்டும். சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வேகமாக இறங்கும்போது முடிச்சு உராய்ந்து எழும் சூட்டுக்கு அது தாங்காது. பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேல் தாங்கும்.

ஏறுகயிற்றில் ஒட்டிய சீட்டில் ஈ.என். 1891 டைப் ஏ என்கிற ஐரோப்பியத் தரக் குறி இருக்க வேண்டும். அதிகம் நீளாத கயிறு என்று பொருள், 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. ஏறத்தாழ 2,200 கிலோ. உங்கள் எடை 80 கிலோ என்றால் எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். முடிச்சுப் போட்டாலே பலம் குறையும், பழசாகக் குறையும், கொஞ்சம் தொய்வில் விழுந்தால் இழுப்பு பல மடங்காகும். தடிமன் 12 மி.மீ.யை ஒட்டி இருந்தால் கைக்குப் பிடிப்பாக இருக்கும். மலையேறுகிறவர்கள் வாங்குகிற நீளும் கயிறு வேண்டாம், அதில் ஏறினால் ஊஞ்சலாடிக்கொண்டேதான் மேலே போவீர்கள்.

பணத்தை முதலில் கயிறு, ஹார்னஸ், தானாகப் பூட்டிக்கொள்ளும் காரபினர் (கயிற்றை ஹார்னஸில் மாட்டும் உலோக வளையம்), தலைக்கவசம் இந்த நாலில் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். கம்பெனிப் பெயர் பெரிதாகப் போட்ட டி-ஷர்ட் கடைசியில்.

கேள்வி: அந்தக் காலத்தில் உடும்பு இடுப்பில் கயிறு கட்டி எறிந்து கோட்டைச் சுவர் ஏறினார்களாமே, உண்மையா?
— ஒரு வாசகர், லெனேசியா

பதில்: 1670-ல் சிவாஜியின் தளபதி தானாஜி சிம்மகட் கோட்டையைப் பிடித்தது வரலாறு. உடும்பு கதை. இங்கே ஆற்றோரம் லெகுவான் என்கிற நம் ஊர் உடும்பைப் பார்த்திருப்பீர்களே, அதன் இடுப்பில் நீங்கள் கயிறு கட்டி முடிக்கிற வரை அது சும்மா இருக்குமா, வாலால் ஒன்று வைக்குமா என்று யோசித்துப் பாருங்கள். அது பிடிவிடாது என்பது மட்டும் நிஜம்.

கேள்வி: அண்ணா, மரம் வெட்டும் கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒரு கம் (யூகலிப்டஸ்) மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்குப் போக, இறங்கி ஏறாமல் வீசு கொக்கியைப் போட்டு இழுத்துப் போய்விடு என்கிறார்கள். சாட்ஸ்வர்த்தில் ஒருவர் ஏறப் போகிறேன் என்றால் வேண்டாம் என்பீர்கள். எனக்கும் அதே பதிலா?
— ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உங்களுக்கு வேறு பதில் தம்பி, ஒரு நிபந்தனையோடு. உங்களைத் தாங்குகிற கயிறு வேறு, உங்களை நகர்த்துகிற கயிறு வேறு என்பதை மனதில் வையுங்கள். ஏறுகயிறு மேலே நல்ல கவையில் போட்டபடியே இருக்கும், உங்கள் எடை முழுவதும் அதில்தான். கொக்கி இன்னொரு கயிற்றின் நுனியில் போய்ப் பக்கத்துத் தண்டைப் பிடிக்கும். அதை இழுத்து நீங்கள் பக்கவாட்டில் நகர்வீர்கள். கொக்கி வேலை அவ்வளவுதான்.

தொழிலுக்கென்று செய்த கொக்கிக்கும் இணையத்தில் விற்கிற மடக்குக் கொக்கிக்கும் வித்தியாசம் உண்டு. முன்னது பெரும்பாலும் மடங்காத ஒரே துண்டு, நகங்கள் உருண்டு வளைந்தவை, எறிந்தால் நேராகப் பறக்கும், வேலை முடிந்து கயிற்றைத் தளர்த்தி ஒரு அலை விட்டால் கழன்று வரும். கழன்று வருவதற்காகவே செய்த பொருளில் உயிரை வைக்கலாமா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கம் மரத்தில் ஒரு சங்கடம். சலிக்னா வகையில் மேல்பட்டை உரிந்து வழுக்கென்று இருக்கும், நீள நீளமான பட்டைக் கிழிசல்களும் தொங்கும். கொக்கி அந்தக் கிழிசலில் மாட்டிக்கொண்டு, நன்றாகப் பிடித்தது போல நடிக்கும். அதனால் சும்மா தண்டில் படாமல் ஒரு கவைக்குள் நகம் உட்கார்ந்திருக்க வேண்டும், உங்கள் கண்ணுக்கும் அது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எடுத்து மறுபடி எறியுங்கள்.

நகரும் முன்னால் இன்னொன்றைப் பாருங்கள். கொக்கி நடுவழியில் கழன்றால் நீங்கள் கீழே விழ மாட்டீர்கள், ஆனால் ஏறுகயிறு போட்டிருக்கிற கவைக்கு நேர் கீழ் இடத்துக்கு ஆடிக்கொண்டே திரும்பி வருவீர்கள். அந்த வழியில் ஒடிந்த கட்டையோ பழைய தண்டோ இருந்தால் அதில் போய் மோதுவீர்கள். எவ்வளவு தூரம் நகர்ந்தீர்களோ அவ்வளவு வேகத்தில். அதனால் அந்த வழியை முதலில் துப்புரவாக்குங்கள், அல்லது இறங்கியே ஏறுங்கள். மறுமரத்துக்குப் போனதும் இடுப்புக் கயிற்றைத் தண்டைச் சுற்றிப் போட்டு, அங்கே ஒரு ஏறுகயிறும் போட்டுச் சோதித்த பிறகுதான் பழைய ஏறுகயிற்றைக் கழற்றலாம். ரம்பம் ஓடும்போது எப்போதும் இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும், அதில் ஒன்று கம்பி உள்வைத்த கயிறாக இருந்தால் நல்லது. கொக்கிக் கயிறு அந்த இரண்டில் சேர்த்தி இல்லை.

இதையெல்லாம் பொறுமையாகக் காட்டித் தராமல் "போய்விடு" என்று மட்டும் மேஸ்திரி சொன்னால், செய்ய மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பாதுகாப்பான வேலையிடமும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை என்று 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் சட்டமே சொல்கிறது.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக்காரருக்கு 64 வயது. ஒவ்வொரு டிசம்பரும் பங்கா வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மாமரத்தில் ஏறிவிடுகிறார். ஊறுகாய்க்குக் காய் வேண்டும், குரங்கு கொண்டுபோவதற்குள் பறிக்கணும் என்கிறார். நான் சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் கேட்பார்.
— ஒரு வாசகி, டொங்காட்

பதில்: ஐயா, இது உங்களுக்குத்தான். அக்கா பத்திரிகையை உங்கள் முன் விரித்து வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஊறுகாய்க் காய்க்கு மரம் ஏற வேண்டியதே இல்லை. தொரட்டி கட்டிக்கொள்ளுங்கள். நீளக் கம்பு, நுனியில் சின்ன அரிவாள் கொக்கி, அதற்குக் கீழே ஒரு வலைப்பை. காம்பை நறுக்கினால் காய் வலைக்குள் விழும், அடிபடாது, பாலும் காய் மேலே வழியாது. அடிபடாத காயில் போட்ட ஊறுகாய் அதிக நாள் இருக்கும் என்று அக்காவே சொல்லுவார். எட்டாத உச்சிக் காயைக் குரங்குக்கு விட்டுவிடுங்கள், எப்படியும் அது உங்களைக் கேட்டு எடுக்கப்போவதில்லை.

ஒரே எச்சரிக்கை, தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற மின்கம்பி. டொங்காட் பக்கம் பல வீடுகளில் அது மரத்துக்கு நடுவே ஓடுகிறது. கம்பியிலிருந்து 3 மீட்டருக்குள் தொரட்டியோ எறிகயிறோ போகக்கூடாது. அலுமினியக் கம்பு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். பச்சை மூங்கிலிலும் நனைந்த கயிற்றிலும் மின்சாரம் ஓடும். கிளை கம்பியைத் தொடுகிற நிலையில் இருந்தால் மாநகராட்சி மின்சாரப் பிரிவுக்குச் சொல்லுங்கள், நீங்கள் தொட வேண்டாம்.

பங்காவை இடுப்பில் செருகுவது பற்றி அக்கா தனியாகப் பேசிக்கொள்வார்.

கேள்வி: முதலில் எந்த முடிச்சைப் பழகலாம்? காணொளி பார்த்தால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், ஸ்டாங்கர்

பதில்: பிளேக் முடிச்சு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹைன்ஸ் புரோஹாஸ்கா 1981-ல் எழுதி வைத்தார், 1994-ல் ஜேசன் பிளேக் மரத்தொழில் பத்திரிகையில் எழுதியதும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஏறுகயிற்றைச் சுற்றி நாலு சுற்று, வால் கீழ் இரண்டு சுற்றுக்குள் நுழைந்து வெளியே வரும். பிடித்து நகர்த்தினால் நகரும், எடை விழுந்தால் இறுகி நிற்கும். வாலில் ஒரு தடை முடிச்சு கட்டாயம், இல்லாவிட்டால் மெல்ல மெல்ல வால் உள்ளே போய்விடும். கார்ல் புருசிக் 1931-ல் சொன்ன புருசிக் முடிச்சு இதைவிடப் பழசு, இரண்டு பக்கமும் பிடிக்கும், ஆனால் எடை விழுந்த பிறகு தளர்த்த விரல் நோகும்.

தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு வாரம் தொங்கிப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கட்ட வரவேண்டும். இறங்கும்போது வேகம் வேண்டாம். முடிச்சு சூடாகிப் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் அந்தப் பகுதிக் கயிறு போச்சு, வெட்டி எறிய வேண்டியதுதான்.

ஒரு கணக்கு, பலர் கவனிப்பதில்லை. கயிற்றின் ஒரு நுனியை மரத்தடியில் கட்டிவிட்டு மறு நுனியில் ஏறினால், மேலே உள்ள கிளைக்கு உங்கள் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாக விழும். 80 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 160 கிலோ, பட்டை உராய்வு அதில் கொஞ்சம் குறைக்கும். கயிறு கிளையைச் சுற்றி வந்து இரண்டு நுனியும் உங்கள் ஹார்னஸிலேயே சேர்கிற முறையில் உங்கள் எடை மட்டும்தான் விழும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது முறை. கயிறு பட்டையில் ஓடி அறுக்காமலிருக்க, இரண்டு வளையம் வைத்த நாடா ஒன்றைக் கிளையில் போட்டு அதன் வழியே விடுங்கள். மரத்துக்கும் நல்லது, கயிற்றுக்கும் நல்லது.

கேள்வி: காலில் மாட்டுகிற இரும்பு முள் போட்டு ஏறினால் இவ்வளவு கயிறு தேவையில்லையே?
— ஒரு வாசகர், உம்சிண்டோ

பதில்: வெட்டி வீழ்த்தப்போகிற மரத்துக்கு மட்டும் முள். வாழ வேண்டிய மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு புண், பூஞ்சை அதன் வழியே போகும். முள் போட்டாலும் கயிறு வேண்டும்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா பனையேறி. காலில் ஒரு தளைநார், அவ்வளவுதான். இத்தனை சாமான் இல்லாமல்தானே ஏறினார்கள்?
— ஒரு வாசகர், போர்ட் ஷெப்ஸ்டோன்

பதில்: ஏறினார்கள். விழவும் செய்தார்கள், அதை யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை. பனை ஒரே தண்டு, கிளை இல்லை, கீழிருந்து மேல்வரை பிடிப்பு ஒரே மாதிரி. சின்ன வயதிலிருந்து தினமும் காலையும் மாலையும் ஏறிய உடம்பு அவர்களுடையது. மாமரமும் கம் மரமும் அப்படி இல்லை, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு குணம். இந்த குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்குக் கடற்கரையில் இலாலா பனையில் கள் எடுக்கிறார்கள். குட்டையான பனைகளில், தரையில் நின்றபடியே தண்டைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். ஏறவே வேண்டாம் என்று முடிவு செய்த அந்த மூளையை நான் மெச்சுகிறேன்.

கேள்வி: பாம்பும் தேனீயும் பயமாக இருக்கிறது. ஏறும் முன் எப்படிப் பார்ப்பது?
— ஒரு வாசகி, ஸ்காட்பர்க்

பதில்: உங்கள் கடற்கரையில் பச்சை மாம்பா மரத்தில்தான் வாழும், அதனால் பயம் நியாயமானது. அடர்ந்த கொடி சுற்றிய மரத்தில் ஏறாதீர்கள். சின்னப் பறவைகள் ஒரே இடத்தைச் சுற்றி ஓயாமல் கத்தினால் அங்கே ஏதோ இருக்கிறது. எறிகயிற்றால் கிளைகளைச் சுண்டிவிட்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பாம்பு பெரும்பாலும் விலகிப் போய்விடும். தேனீ போகாது. நம் ஆப்பிரிக்கத் தேனீக்கு ரோசம் அதிகம். வெயில் நேரத்தில் பொந்து வாய்க்கு வரிசையாகப் போவதும் வருவதும் தெரிந்தால் அந்த மரத்தில் ரம்பம் ஓடக்கூடாது, தேனீ எடுப்பவரைக் கூப்பிடுங்கள். கயிற்றில் கட்டுண்டு இருக்கிறவரால் ஓட முடியாது.

இதே காரணத்துக்காகத்தான் தனியாக ஏறாதீர்கள் என்பது. ஹார்னஸில் மயங்கித் தொங்குகிறவருக்கு நேரம் குறைவு, சீக்கிரம் இறக்க வேண்டும். கீழே நிற்பவருக்கு உங்களை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும், சும்மா வேடிக்கை பார்க்க நிற்கக்கூடாது. ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112.

கேள்வி: எங்கள் கடற்கரை வீட்டில் மில்க்வுட் மரம் காட்சியை மறைக்கிறது. கயிறு போட்டு ஏறி நாலு கிளை எடுக்கலாமா?
— ஒரு வாசகர், பாலிட்டோ

பதில்: அது பாதுகாக்கப்பட்ட மரம். 1998-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் வெட்டினால் குற்றம். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏறுகயிற்றை எப்படி வைத்துக்கொள்வது, எப்போது மாற்றுவது?
— ஒரு வாசகர், நியூகாசில்

பதில்: ஒவ்வொரு தடவையும் ஏறும் முன் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை கைக்குள் ஓடவிடுங்கள், இரண்டு சாணுக்கு ஒரு முறை மடித்துப் பாருங்கள். மடிக்கும்போது ஒரு இடம் மட்டும் கட்டையாக விறைத்தாலோ, தட்டையாகப் போனாலோ, மெத்தென்று உள்ளே வெற்றிடமாக இருந்தாலோ உள்நார் போயிருக்கிறது. மேலே ஒன்றிரண்டு நூல் பிசிறுவது பெரிதில்லை. உள்நார் எட்டிப் பார்த்தால் அன்றோடு சரி.

பக்கியின் பின்னால் பெட்ரோல் கேனோடும் பழைய பேட்டரியோடும் போட்டு வைக்காதீர்கள். பேட்டரி அமிலம் நைலானை அரித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்புப் போட்டு அலசி நிழலில் காயவையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சேற்றில் கிடந்த கயிறுகளை அலசி எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போன மணல் ஒவ்வொரு ஏற்றத்திலும் நாரை அறுத்துக்கொண்டே இருக்கும், அப்படிப்பட்ட கயிறு ஏறுவதற்கு ஆகாது. ஒரு தடவையும் ஏறாமல் அலமாரியிலேயே கிடந்தாலும், பெரும்பாலான கம்பெனிகள் 10 வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. சீட்டில் உற்பத்தி வருடம் இருக்கும்.

கழித்த கயிற்றை முழுசாக விட்டுவைக்காதீர்கள். ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். முழுசாகக் கொட்டகையில் தொங்கினால், அடுத்த டிசம்பரில் மச்சான் யாராவது எடுத்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார். துண்டுகள் தக்காளிச் செடிக்குக் கட்டவும், வாசல் கேட்டை இழுத்துக் கட்டவும் ஆகும்.